பொதிக்குறியும் கோட்டுக்குறியும்

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் கடை வைத்தும், சிறு தொழிற்சாலை நடத்தியும், இல்லத்திலிருந்தே பண்டம் செய்து விற்றும் வாழ்பவராவர். அவர்தம் இல்லத்தில் யாதானும் ஒரு சிப்பத்தை எடுத்து அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பின், கருமையும் வெண்மையும் மாறி மாறி நிற்கும் கோடுகளும், அவற்றின் கீழே பதின்மூன்று எண்களும் காணப்படும். இதனைப் பார்கோடு என்று கடைக்காரர் வழங்குவர். பட்டைக் குறியீடு என்று நூலோர் மொழிவர். இஃது எங்குத் தோன்றியது, எதன்பொருட்டுத் தோன்றியது, இதனை முறையாகப் பெறுவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். தமிழாசிரியனாகிய யான் இவ்வாராய்ச்சியிற் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவல்.

சரக்கின்மேற் குறியிடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர் ஏற்றுமதிப் பொருள்களின்மீதும் இறக்குமதிப் பொருள்களின்மீதும் சோழர்தம் புலிப்பொறியை இட்டு வெளியே விடுத்த செய்தியைக் கூறும். அது வேந்தன் இட்ட குறி. வணிகர் தாமே இட்ட குறியைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் வெள்ளிடை மன்றத்தில், உரியவர் பெயரைக் கண்ணெழுத்தாற் பொறித்த பொதிகள் காவலின்றிக் கிடந்தன என்கின்றார் இளங்கோவடிகள். கண்ணெழுத்து என்னும் சொல்லைப் பாடஞ் சொல்லும்பொழுதெல்லாம் யான் சற்றே நின்று மாணவர்க்கு விளக்குவதுண்டு. வாயால் ஓதுதற்கன்றிக் கண்ணாற் கண்டு பொதியின் உரிமையைத் தெளிதற்கே அமைந்த எழுத்தாகலின் அப்பெயர் பொருந்துவதாயிற்று என்பது என் கருத்து.

கடற்கரைப் பட்டினத்தைப் பற்றியே பேசி நம் கொங்குநாட்டை விட்டுவிடுதல் ஆகாது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில் 1985 முதலாகத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, ஆட்பெயர் பொறித்த பானை ஓடுகள் பல வெளிப்பட்டன. கண்ணன் ஆதன் என்பது அவற்றுள் ஒன்று. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்னும் சொல்லும் ஓர் ஓட்டிற் கிடைத்துள்ளது. மணி கடைந்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த அவ்வூரார், தம் கலத்தைப் பிறர் கலத்தினின்றும் பிரித்தறியப் பெயர் கீறினர்.

இனி நம் காலத்தருகே வருவோம். கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை 1888-இல் தோன்றியது. அதற்கு மறு ஆண்டாகிய 1889-இல் இயற்றப்பெற்ற இந்திய வணிகச் சரக்குக் குறிச் சட்டம், ஆலைத்துணியின் ஒவ்வோர் உருப்படியின்மேலும் அதன் நீளத்தைப் பொறித்தல் வேண்டுமென விதித்தது. அளவிற் பொய்த்து விற்பாரை அடக்குதற்கு எழுந்த சட்டம் அது. இவ்விடத்துச் சலவைத் தொழிலாளர் கையாண்ட குறியையும் மறத்தல் கூடாது. நூறு வீட்டுத் துணிகளை ஒரு துறையில் வெளுத்து, ஒன்றேனும் மாறாமல் அவரவர் வீட்டிற் சேர்ப்பதற்கு அவர் கொண்ட கருவி, சேராங்கொட்டைச் சாற்றால் இட்ட சில புள்ளியும் கோடுமே. எழுத்தறியாதாரென்று உலகம் இகழ்ந்த மக்கள் அமைத்துக்கொண்ட அம்முறையே, யான் அறிந்தவற்றுள் பார்கோட்டிற்கு மிக நெருங்கியது.

யான் சிறுவனாயிருந்த காலத்து, துணிக்கடைகளிற் சேலையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் எண்ணில்லை. பொருள் விளங்காத எழுத்துக்களே இருக்கும். கடைக்காரர் தம் கொள்முதல் விலையைத் தமக்குள் வைத்துக்கொண்ட எழுத்துக்களால் மறைத்து எழுதியிருப்பர். நன்னூலார் குழூஉக்குறி என்றது இதனையே. ஒரு குழுவினர் மட்டும் அறியும் குறியாதலின், அடுத்த கடையில் அஃது உதவாது. உலகத்துக் கடைகள் அனைத்தும் ஒரே குழுவாகி ஒரே குறியை வழங்கினால் எங்ஙனமிருக்கும்? அதற்கு விடை அமெரிக்காவிற் பிறந்தது.

1948-இல் பிலடெல்பியாவிலுள்ள டிரெக்ஸல் கல்விக்கழகத்தில், உணவுப்பொருட் கடைகள் பலவற்றின் தலைவர் ஒருவர், பணம் கொள்ளும் இடத்தில் சரக்கின் விவரத்தைத் தானே அறியும் பொறியொன்று அமைத்துத் தருமாறு கேட்டுக்கொண்டார். கல்லூரி அதிகாரி இசைந்திலர். அவ்வுரையாடலைச் செவியுற்ற பெர்னார்டு சில்வர் என்னும் மாணவர், தம் நண்பர் ஜோசப் உட்லண்டிடம் அதனை உரைத்தார். உட்லண்டு பின்னர் மியாமி கடற்கரை மணலில் அமர்ந்து, சாரணச் சிறுவராயிருந்தபோது கற்ற மோர்ஸ் தந்திக் குறிகளை நினைந்தவாறே, விரல் நான்கையும் மணலில் ஊன்றித் தம்பால் இழுத்தார். புள்ளியும் சிறுகோடும் கீழ்நோக்கி நீண்டு, மெல்லியவும் பருத்தனவுமான கோடுகளாயின. குறிலும் நெடிலும் கொண்டு அலகிட்டுப் பழகிய நமக்கு இவ்வெண்ணம் எளிதில் விளங்கும்.

இருவரும் 1949-இல் உரிமைக்கு விண்ணப்பித்து 1952-இல் அதனைப் பெற்றனர். ஆயினும் அதனை நடைமுறைப்படுத்த ஏற்ற ஒளியும் கணிப்பொறியும் அன்று இல்லை. அவர்கள் 500 வாட் விளக்கைக் கொண்டு செய்து பார்த்தபோது தாள் புகைந்ததாம்! லேசர் ஒளி 1960-இல் தோன்றியது. சில்வர் 1963-இல் இளமையிலேயே காலமானார். 1969-இல் உரிமையும் காலாவதியாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லாரர் வகுத்த நேர்கோட்டு வடிவத்தை 1973-இல் அமெரிக்க வணிகர் பொதுக்குறியாக ஏற்றனர். 1974 ஜூன் 26 அன்று, ஒஹையோ மாகாணத்து டிராய் என்னும் ஊரில் மார்ஷ் அங்காடியில், 67 செண்டு விலையுள்ள ரிக்லி சூயிங்கம் சிப்பமே முதன்முதல் அப்பொறியின்முன் சென்றது. ஐரோப்பியர் 1977-இல் தமக்கென ஒரு சங்கம் கண்டு பதின்மூன்று எண் முறையை வகுத்தனர். இந்தியாவில் 1996-இல் மத்திய வர்த்தக அமைச்சும் தொழில் வணிக மன்றங்களும் கூடி இதற்கென ஓர் அமைப்பை நிறுவின. அதுவே இன்று ஜி.எஸ்.ஒன் இந்தியா எனப்படுவது.

இக்குறியைப் பற்றி நம்மிடையே நிலவும் பிழைபட்ட எண்ணங்கள் சில. விலை அக்கோட்டில் உள்ளது என்பர் பலர், இல்லை. கோட்டில் உள்ளது எண் ஒன்றே. அவ்வெண்ணுக்கு உரிய பெயரும் விலையும் கடைக்காரரது கணிப்பொறியில் இருக்கும். ஆதலின் விலை மாறினும் கோடு மாறாது. 890 என்று தொடங்கினால் பொருள் இந்தியாவிற் செய்யப்பட்டது என்பது மற்றொரு பிழை. எண்ணை வழங்கியது இந்திய அமைப்பு என்பதற்கு மேல் அது யாதொன்றும் கூறாது. அதன்பின் வரும் சில எண்கள் செய்தவரைக் குறிக்கும். அடுத்தவை பண்டத்தைக் குறிக்கும். அரைக் கிலோவுக்கு ஓர் எண், ஒரு கிலோவுக்கு வேறோர் எண்.

இறுதி எண்ணின் அழகை ஆசிரியனாகிய யான் சொல்லாமல் விடேன். பயிற்சிக்காக 890123456789 என்னும் பன்னிரண்டைக் கொள்க. ஒற்றைப்படை இடத்தெண்களின் கூட்டுத்தொகை 28. இரட்டைப்படை இடத்தெண்களின் கூட்டுத்தொகை 34. அதனை மூன்றாற் பெருக்க 102. இரண்டும் சேர 130. இது பத்தால் மிச்சமின்றி வகுபடுதலின் பதின்மூன்றாம் எண் சுழியமாகும். மிச்சமிருப்பின், அடுத்த பத்தை நிரப்பும் எண்ணே இறுதியில் நிற்கும். இடையில் ஓர் எண் பிறழ்ந்தாலும் கணக்கு ஒவ்வாது. பொறி அதனை ஏலாது. என் வகுப்புப் பிள்ளைகள் தம் பாட்டி வாங்கிய சோப்பு முதல் அனைத்தையும் கொணர்ந்து இக்கணக்கைச் சரிபார்த்து மகிழ்ந்தனர்.

கடைக்காரர் இக்குறியை ஏன் வேண்டுகின்றனர்? விரைவு ஒரு காரணம், அது சிறியது. சரக்கறையில் எது எத்துணை எஞ்சியுள்ளது, எது விற்கவில்லை, எதனை நாளை வரவழைத்தல் வேண்டும் என்பதை ஏடு புரட்டாமல் அறிதலே பெரிய பயன். எனவே எண்ணில்லாத சரக்கு, பெருங்கடையின் கணக்கில் இல்லாத சரக்காகிவிடுகின்றது.

யான் முன்னர்க் குறித்த காரணம் இதுவே. சென்ற ஆண்டு நம் அன்பர் ஒருவரின் மனைவியார் கம்பு, சாமை, தினை முதலியவற்றை வறுத்து அரைத்துச் சத்துமாவு செய்து, ஆர்.எஸ்.புரத்தில் வீடுவீடாக விற்று நற்பெயர் பெற்றார். அங்காடி ஒன்று அவரது மாவை வாங்க இசைந்து, கோட்டுக்குறி வேண்டுமென்றது. தரகர் ஒருவர் சில நூறு ரூபாய்க்கு ஓர் எண்ணைக் கொடுத்தார். அம்மையார் தம் சேமிப்பைச் செலவிட்டு அதனை உறைகளில் அச்சிட்டார். அங்காடியிற் பொறியின்முன் மாவைக் காட்டியபோது திரையில் எழுந்த பெயர் வேறொருவர் செய்த தலைமுழுகும் தூளின் பெயர்! இருநூறு சிப்பங்களும் அன்றைக்கே வீடு திரும்பின. தரகரின் தொலைபேசி பின்னர் ஒலிக்கவேயில்லை.

மாலையில் அவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, உறையொன்றை நீட்டி, "ஏனுங்க வாத்தியாரய்யா, மாவு எங்களுதுங்க, கோடு மட்டும் ஆரோடதுங்களோ?" என்றார். கண்ணெழுத்தைப் பற்றி இருபது ஆண்டு பாடம் சொன்ன எனக்கு, அக்கேள்விக்கு விடை தெரிந்திலது. அன்றிரவு தொடங்கியதே இவ்வாராய்ச்சி.

முறையான வழி கடினமானதன்று. ஜி.எஸ்.ஒன் இந்தியாவின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தொழிலின் பெயரையும் உரிமையையும் நாட்டும் சான்றுகளை இணைத்து, வேண்டிய எண்களின் தொகைக்கேற்பக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். அக்கட்டணத்திற்குக் காலவரை உண்டு. காலத்திற் புதுப்பித்தல் வேண்டும். அச்சிடும்பொழுது வெண்மைமேற் கருமையே நன்று. சிவப்புக் கோட்டைப் பொறியின் செவ்வொளி காணாது. கோட்டின் இருமருங்கும் வெற்றிடம் விடுதலும் இன்றியமையாதது. உறை அழகுபட அமைதல் வேண்டுமென்று அவ்விடத்திற் பூவேலை செய்வித்து இடர்ப்பட்டாரும் உளர்.

அம்மையார் இரண்டாம் முறை இவ்வாறே விண்ணப்பித்துத் தம் பெயரிலேயே எண் பெற்றார். அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்குமாக இரண்டு. பழைய உறைகளைக் கழிக்க மனமின்றி, ஒவ்வொன்றிலும் புதிய கோட்டுச் சீட்டை அவர் மகளும் அவரும் இரண்டு இரவு விழித்திருந்து ஒட்டினர். கடைசி எண்ணை மட்டும் யான் தாளில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். ஒத்தது.