வேண்டா அஞ்சலும் முறையீடும்

மகாவலியின் கிளையாறாகிய கொத்மலை ஓயாவின் குறுக்கே 1979 இல் தொடங்கப்பெற்று 1985 இல் நிறைவுற்ற அணைக்கட்டை அறியாதார் இலங்கையிற் சிலரே. மகாவலித் திட்டத்தால் வயலும் வீடும் இழந்து பெயர்ந்த மக்களுக்கெனத் தோன்றிய சமுதாய வானொலியின் வழிவந்ததாக, 1989 இல் கொத்மலையிலும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் எழுந்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையால் அந்நிலையம் இணையத் தொடர்பு பெற்றது. கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களின் நூலகங்களிலும் பொதுமக்கள் இணையத்தை அணுக வழி செய்யப்பட்டது. நேயர் தம் ஐயங்களை நிலையத்துக்கு விடுப்பர்; ஒலிபரப்பாளர் இணையத்தில் விடை தேடி, துறையறிந்தோரின் விளக்கத்துடன் நேயரின் மொழியிலே எடுத்துரைப்பர்.

பயனுள்ளதைக் கொண்டு பயனற்றதைத் தள்ளும் பணியை அங்கு மனிதரே செய்தனர். ஆனால் பொதுக் கணினியின்முன் தனித்தமர்ந்து தன் அஞ்சற் பெட்டியைத் திறக்கும் தோட்டத்து இளைஞனுக்கு அத்தகைய இடையாள் இல்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதமும், வாங்காத பரிசுச்சீட்டுக்குப் பரிசு விழுந்ததெனக் கூறி முன்பணம் கேட்கும் வஞ்சகக் கடிதமும் அவன்முன் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இவற்றை வேறுபிரிக்கும் வடிகட்டிகள் எவ்வாறு தோன்றின, அவற்றுக்குப் பொதுமகன் செய்யும் முறையீடு எவ்வளவில் உதவுகின்றது என்பன ஆராயத்தக்கன.

வேண்டாச் செய்தி கணினியோடு பிறந்ததன்று. 1864 ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில் இலண்டன் மாநகரப் பிரமுகர் பலர்க்குத் தந்திகள் வந்தன. அவசரச் செய்தியோ என அஞ்சிப் பிரித்தோர் கண்டது கேபிரியல் என்னும் பல் வைத்தியரின் விளம்பரம். வெகுண்ட ஒருவர் டைம்ஸ் பத்திரிகைக்கு முறையிட்டார். பத்திரிகையோ அத்தந்தியின் வாசகத்தையும் சேர்த்தே அச்சிட்டது. பல் வைத்தியருக்குச் செலவில்லாமல் இன்னொரு விளம்பரம் கிடைத்தது!

மின்னஞ்சலில் இத்தகைய முதல் நிகழ்ச்சியாகக் கருதப்படுவது 1978 மே மாதத்தது. டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க் என்பார், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விற்பனை மடலை விடுத்தார். வலையமைப்பை ஆண்ட அதிகாரிகள் அதனை விதிமீறலென்று கண்டித்தனர். கண்டிப்பு அவ்வளவில் நின்றது. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்னும் வழக்கறிஞர் இருவர், அமெரிக்கக் குடியேற்ற உரிமைச் சீட்டுப் பற்றிய விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான கலந்துரையாடற் குழுக்களிற் சொரிந்தனர். சினங்கொண்டோரின் முறையீடுகள் அவர்களுக்கு இணைப்பளித்த நிலையத்தின்மேற் பெருவெள்ளமாய்ப் பாய்ந்து அதன் சேவையகத்தையே பலமுறை முடக்கின. அந்நிலையத்தின் ஏனைய வாடிக்கையாளர் செய்த பிழை யாது? நெறிப்படாத முறையீடு குற்றவாளியோடு அயலானையும் வருத்தும் என்பது அன்று தெளிவாயிற்று.

இவ்வகை அஞ்சலுக்கு ‘ஸ்பாம்’ என்னும் பெயர் வாய்த்த வரலாறும் சுவையானது. அது 1937 இல் விற்பனைக்கு வந்த ஒரு தகரப்பேணி இறைச்சியின் பெயர். 1970 இல் பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவை நாடகமொன்றில் அச்சொல்லை ஓயாது கூவிப் பிறர் பேச்சை அமிழ்த்தினர்; அதிலிருந்தே இவ்வழக்கு வந்தது.

சினத்தைச் சான்றாக மாற்றிய முயற்சிகள் 1990களின் பிற்பகுதியில் எழுந்தன. 1998 இல் ஜூலியன் ஹெயிட் தொடங்கிய ஸ்பாம்காப் என்னும் சேவை அவற்றுட் குறிப்பிடத்தக்கது. முறையிடுவோர் மடலின் உள்ளடக்கத்தை மட்டுமன்றி அதன் தலைப்பகுதி முழுவதையும் ஒப்புவித்தல் வேண்டும். இதன் காரணத்தை அஞ்சல் முத்திரையின் துணையால் எளிதில் உணரலாம். பழைய கடித உறையில் நாவலப்பிட்டி முத்திரையும் கண்டி முத்திரையும் அது கடந்த வழியைக் காட்டுவதுபோல, மடல் கடக்கும் ஒவ்வொரு சேவையகமும் தன் குறிப்பை முன்னையவற்றின் மேலே பதிக்கின்றது. அனுப்புநர் பெயரைப் பொய்யாக எழுதலாம். கீழ்வரிசைக் குறிப்புகளையும் புனையலாம். பெறுவோரின் சேவையகம் தானே பதித்த குறிப்பைப் பொய்யாக்குதல் இயலாது. ஆகவே சேவை மேலிருந்து கீழாக ஆய்ந்து, நம்பத்தக்க இறுதிக் குறிப்பிலுள்ள எண்முகவரியைக் கண்டு, அதற்குரிய வலையமைப்பினருக்கு அறிவிக்கின்றது. ஒரே முகவரிமேல் முறையீடுகள் மிகின் அது தடைப்பட்டியலில் ஏறுகின்றது.

அதே 1998 இல் இந்தியராகிய விபுல் வேத் பிரகாஷ் ஆக்கிய ரேசர் வேறொரு நெறியைக் கைக்கொண்டது. ஒருவர் முறையிட்ட மடலின் சுருக்கக் குறி பொதுப் பட்டியலில் வைக்கப்படும். அதே மடல் மற்றொருவர்க்கு வருங்கால் குறி பொருந்துவதால் விலக்கப்படும். பின்னர் முறையிடுவோரின் நம்பகமும் அளவிடப்பட்டது: பலகாலும் சரியாகக் கூறியவர் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. 2002 இல் போல் கிரகாம் வெளியிட்ட கட்டுரை, சொற்கள் பயிலும் அளவைக் கணக்கிட்டு மடலின் தன்மையை ஊகிக்கும் முறையைப் பரவச் செய்தது. இக்கணக்கிற்கும் மனிதர் தரம்பிரித்த மாதிரிகளே அடிப்படை.

இங்கே இரு குறைபாடுகள் சுட்டத்தக்கன. தாமே விரும்பிக் கேட்ட செய்தி மடலை, நிறுத்தச் சொல்லும் வழி அறியாமல், வேண்டா அஞ்சலென முறையிடுவோர் பலர். அது பொய்ச்சான்றே. மற்றது பொது இணைப்பினாலாவது. நூலகமோ பாடசாலையோ தன் கணினிகள் அனைத்துக்கும் ஒரே எண்முகவரியைக் கொண்டிருந்து, அவற்றுள் ஒன்று நச்சு நிரலுக்கு ஆட்பட்டு வேண்டா அஞ்சலைக் கக்கினால், தடை முழு முகவரிமேலும் விழும். அவ்விடத்துச் சேவையகத்தின்வழி அனுப்பப்படும் விண்ணப்பங்களும் அதனாற் பிற இடங்களில் ஏற்கப்படாது திரும்பக்கூடும். தனித்தனி இணைப்புடைய நகரத்தாரினும், ஒன்றைப் பலர் பகிரும் மலைநாட்டு ஊர்களுக்கே இத்தடையின் நோவு மிகுதி.

இலங்கையில் 2006 இல் கணினி அவசர நிலைகளைக் கவனிக்கும் தேசிய அமைப்பொன்று நிறுவப்பெற்றது. 2007 இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்தி விடுக்கப் பெறுவோரின் இசைவு வேண்டுமென விதிக்கின்றது. சட்டம் அனுப்புவோனைத் தேடிச் செல்லுமுன் மடல் வந்து சேர்ந்துவிடும் என்பதையும் மறத்தற்கில்லை.

சொற்கணக்கில் இயங்கும் வடிகட்டி, எம்மொழியில் மாதிரி மிகுதியோ அம்மொழியிலேயே தேர்ச்சி பெறும். தமிழில் வரும் வஞ்சக மடலைத் தமிழறிந்தோர் பேசாமல் அழித்துவிட்டால், அதன் சொற்கள் எந்தக் கணக்கிலும் ஏறா. மறுதலையும் உண்மையே: தமிழில் எழுதப்பட்ட நல்ல மடலொன்று தவறிக் குப்பைப் பெட்டியில் வீழ்ந்து கிடக்கலாம். அப்பெட்டியைத் திறந்து, நேர்முகத் தேர்வுக் கடிதத்தைக் கண்டெடுத்து, ‘இது வேண்டா அஞ்சல் அன்று’ என்று குறிக்கும் கொத்மலை இளைஞனும் ஒரு முறையீட்டையே செய்கின்றான்; அதுவும் அக்கணக்கில் ஏறுகின்றது.