தறியில் பிறந்த கார்

போன மாதம் ஒரு கார்புரேட்டர் தேடி உக்கடத்துப் பழைய பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பது 1996 மாடல் மாருதி 800. இந்த வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். "வித்துத் தொலைங்கப்பா" என்கிறான் மகன். நான் பதில் எதுவும் சொல்லவில்லை.

ஒரு கடை வாசலில் மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் நாலைந்து, கரியும் எண்ணெயும் படிந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்துக் கடையில் எடைக்கு வந்த பழைய விசைத்தறிச் சாமான்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறியை உடைத்து இரும்பு விலைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வார்ப்பிரும்புச் சக்கரங்களைக் குவியலாகப் பார்த்தபோது மனசுக்கு என்னவோ போல் இருந்தது. "பாய், இந்த எஞ்சினும் அந்தத் தறியும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க, தெரியுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெயில் ஜாஸ்திதான் சார். உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

அவரிடம் சொல்ல வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜப்பானில் ஹமமட்சு என்று ஒரு ஊர். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில், கடலோரத்தில். நம் கோவையைப் போலவே சுற்றிலும் பருத்தி, வீட்டுக்கு வீடு தறி, தெருவுக்குத் தெரு பட்டறை. அங்கே பருத்தி விளைவிக்கும் குடும்பத்தில் 1887-ல் பிறந்தவர் மிச்சியோ சுசுகி. தச்சு வேலை கற்றுக்கொண்டவர். 1909-ல் சொந்தமாகத் தறி செய்யும் பட்டறை போட்டார். 1920-ல் அது கம்பெனி ஆயிற்று. தென்கிழக்கு ஆசியாவில் உடுத்தும் சாரங்களுக்கென்றே தனியாகத் தறி செய்து ஏற்றுமதி செய்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், லுங்கித் தறி.

டொயோட்டாவின் கதையும் இதே வட்டாரத்தில்தான் தொடங்குகிறது. சாகிச்சி டொயோடா பிறந்த கிராமம் ஹமமட்சுக்குப் பக்கத்தில்தான். 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறி, ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொள்ளும். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி 1929-ல் அதன் உரிமையை ஒரு லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. பிளாட் என்ற பெயர் நம் ஊர்ப் பழைய மில் தொழிலாளிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சாகிச்சியின் மகன் கிச்சிரோ கார் பக்கம் திரும்ப, 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. இன்று ஊட்டி ரோட்டில் வரிசையாக ஏறும் இன்னோவாக்களுக்கும் பூர்வீகம் தறிதான்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் தறிக்கு 'மெத்தியே' என்று பெயர். தொழில், கைவினை என்பதற்கும் அதே சொல்தான். சிறுவயதில் இது எனக்குப் பெரிய குழப்பம். தொழில் என்றாலே தறிதானா என்று வாத்தியாரைக் கேட்டு அதட்டு வாங்கியிருக்கிறேன். கோவைக்கு வந்து குடியேறிய பிறகு அந்தச் சொல் எனக்குக் குழப்பமாகவே இல்லை.

மிச்சியோவுக்கும் 1937 வாக்கில் கார் ஆசை வந்தது. ஆஸ்டின் செவன் என்ற இங்கிலீஷ் சின்னக் காரை வாங்கிப் பிரித்துப் போட்டுப் படித்தார்கள். மாதிரிக் கார்கள் சில செய்து முடிப்பதற்குள் யுத்தம் வந்துவிட்டது. யுத்தம் முடிந்ததும் மறுபடி தறி. 1951-ல் பருத்திச் சந்தை விழுந்தது. தறி வாங்க ஆள் இல்லை. அப்போதுதான் வீட்டு மாப்பிள்ளை ஷுன்சோ, மீன் பிடித்துவிட்டு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தபோது, இதற்கு ஒரு எஞ்சின் இருந்தால் என்ன என்று யோசித்ததாகச் சொல்கிறார்கள். 1952-ல் 36 சி.சி. எஞ்சின் மாட்டிய சைக்கிள் வந்தது. பவர் ஃப்ரீ என்று பெயர். எஞ்சினோடு சேர்த்தும் மிதிக்கலாம், எஞ்சின் இல்லாமலும் மிதிக்கலாம், மிதிக்காமல் எஞ்சினிலேயும் போகலாம். அதைப் பார்த்த ஜப்பான் அரசின் காப்புரிமை அலுவலகம், மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய மானியம் கொடுத்தது.

அந்த 1952-ஐ நான் சும்மா கடந்து போக முடியாது. காரணம் நம் ஜி.டி. நாயுடு.

சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் 1893-ல் பிறந்தவர்; மிச்சியோவைவிட ஆறு வயது இளையவர். ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவை ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கிப் பிரித்துப் பார்த்த மனிதர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1937-ல் கோவையில் மின் மோட்டார் செய்தார். அவர் 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் அத்தோடு நின்றது.

ஒரே வருடம். இரண்டு பருத்தி ஊர்கள். இரண்டு பட்டறைக்காரர்கள். ஒருவருக்கு மானியம், ஒருவருக்கு மறுப்பு. நான் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன். அந்த மறுப்புக்கும் ஒரு கோப்பு இருந்திருக்கும். அதில் முதல் குறிப்பை எழுதியவர் மந்திரியாக இருந்திருக்க மாட்டார், என்னைப் போல ஒரு குமாஸ்தாவாகத்தான் இருந்திருப்பார். விதிமுறைப்படி எழுதியிருப்பார். தவறு என்றும் அவருக்குத் தோன்றியிருக்காது. கையெழுத்து மேலே மேலே ஏறியிருக்கும். நானும் எத்தனையோ மனுக்களில் 'பரிந்துரைக்க இயலாது' என்று எழுதியிருக்கிறேன். அவற்றில் எது எதுவாக ஆகியிருக்குமோ.

ஹமமட்சுக்காரர்கள் நிற்கவில்லை. 1954-ல் கம்பெனியின் பெயரை சுசுகி மோட்டார் என்று மாற்றினார்கள். 1955-ல் சுசுலைட் என்ற 360 சி.சி. கார். முன் சக்கரம் இழுக்கும் கார் அது, அந்தக் காலத்தில் ஜப்பானில் அபூர்வம். 1958-ல் இன்னொரு மாப்பிள்ளை வந்தார்: ஒசாமு. பாங்க் வேலையில் இருந்தவர், ஷுன்சோவின் மகளைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பெயரையும் ஏற்றுக்கொண்டார். (வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம் ஊரில் கொஞ்சம் இளக்காரம். அங்கே அவர்தான் கம்பெனிக்கே முதலாளி.) 1978-ல் தலைவரானார். மறு வருடம் ஆல்டோ காரை 4,70,000 யென்னுக்கு விற்று ஜப்பானையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

இங்கே டெல்லியில் சஞ்சய் காந்தி 1971-ல் தொடங்கிய மாருதி கம்பெனி கார் எதையும் உருப்படியாகச் சந்தைக்கு அனுப்பாமல் மூடப்பட்டது. அவர் இறந்த பிறகு, 1981-ல் அரசு அதே பெயரில் மாருதி உத்யோக் ஆரம்பித்தது. பொறுப்பை ஏற்றவர் நம் தஞ்சாவூர்ச் சீமையின் கருவேலி கிராமத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, பெல் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பல கம்பெனிகளோடு பேசிப் பார்த்துக் கடைசியில் சுசுகியோடு 1982 அக்டோபர் 2-ம் தேதி ஒப்பந்தம். அந்த மாதமே 27-ம் தேதி, 95 வயதில், மிச்சியோ சுசுகி காலமானார். தான் தறி செய்த கம்பெனி இந்தியாவுக்குக் கார் செய்யப் போகிறது என்பதை அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் காரின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்ததைப் பத்திரிகையில் பார்த்தது நினைவிருக்கிறது. விலை சுமார் 47,500 ரூபாய். பத்தாயிரம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அதிகாரி ஒருவர் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். நான் சைக்கிள்.

கார் ஒருபுறம் இருக்கட்டும். என்னை அசத்தியது அந்தத் தொழிற்சாலையைப் பற்றிப் படித்த செய்தி. அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன், மேனேஜருக்குத் தனி அறை கிடையாது என்று ஜப்பான்காரர்கள் பழக்கிவிட்டார்களாம். எங்கள் சூப்பிரண்டு நாற்காலியின் முதுகில் டர்க்கி டவல் போட்டிருப்பார். அந்த டவலை ஒருவர் தவறுதலாக எடுத்துக் கைதுடைத்ததற்கு மெமோ வந்த காலம் அது.

சரி, வண்டி எப்படி? ஆரம்பத்தில் கொங்கு நாட்டுக்காரர்கள் அதை மதிக்கவில்லை என்பதே உண்மை. அம்பாசடரில் பண்ணையத்து ஆட்களோடு எட்டுப் பேர் ஏறி, டிக்கியில் தேங்காய் மூட்டையும் போட்டுப் பழகியவர்களுக்கு, 650 கிலோகூட நிறைவாக வராத இந்த வண்டி தகர டப்பா. "மாடு முட்டுனா மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் பொள்ளாச்சிக்காரர் ஒருவர். 796 சி.சி. எஞ்சினைப் பார்த்து, "இது மோட்டார் ரூமுக்கு ஆகுமுங்க, ரோட்டுக்கு ஆகாதுங்க" என்றார் இன்னொருவர். ஆனால் காலையில் சாவியைத் திருகினால் உடனே கிளம்பியது. தள்ள ஆள் தேட வேண்டாம். பெட்ரோல் கணக்கு எழுதி வைக்கிற ஊர் இது. இரண்டு மாதம் எழுதிப் பார்த்தவர்கள் அம்பாசடரை விற்றார்கள். ஸ்டியரிங் லேசாக இருந்ததால் வீட்டுப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். நான் கவனித்த வரையில், கோவையில் பெண்கள் கார் ஓட்டுவது சகஜமானது இந்த வண்டி வந்த பிறகுதான்.

1984-ல் வந்த வேன், பிற்பாடு ஆம்னி என்று பெயர் மாறியது. சினிமாவில் ஆளைக் கடத்தவே பிறந்த வண்டி. நிஜத்தில் அது கடத்தியது நூல் கோன், பூ மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். விசைத்தறிக்காரர்களைக் கேட்டால் இன்றும் அதற்கு ஈடு இல்லை என்பார்கள்.

இந்த எஞ்சினுக்கு மரியாதை தேடித் தந்ததும் கோவைதான். எஸ். கரிவர்தன் என்ற மில் குடும்பத்துப் பிள்ளை, எண்பதுகளின் கடைசியில் இதே 800 எஞ்சினை வைத்து ஒற்றையாள் பந்தயக் காரை இங்கேயே கட்டினார். ஃபார்முலா மாருதி. தகர டப்பா என்று சொன்ன ஊரிலிருந்தே அது சோழவரம் மைதானத்தில் சீறிக்கொண்டு ஓடியது. நம் நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கியது அந்த வண்டியில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். தகரம் என்று சொன்ன பொள்ளாச்சிக்காரர் முழுக்கத் தப்பு சொல்லவில்லை. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது ஆல்டோ 800-க்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. அன்று சோதித்த மற்ற கம்பெனிகளின் சின்னக் கார்களுக்கும் அதே கதிதான். சுசுகியின் புது டிசையர் 2024-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. இடையில் போன உயிர்களை யார் கணக்கில் எழுதுவது? ஹைவேயில் என் வண்டியை இப்போது நான் எடுப்பதில்லை. லாரி பக்கத்தில் வந்தால் கதவு அதிர்கிறது.

2010 ஏப்ரலில் புகை விதிகள் கடுமையானதும் சென்னை முதலான 13 நகரங்களில் 800 விற்பனை நின்றது. கோவை அந்தப் பட்டியலில் இல்லாததால் இங்கே இன்னும் சில வருடம் கிடைத்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டி. ஒசாமு சுசுகி 2024 டிசம்பரில், 94 வயதில் காலமானார். இறந்த பிறகு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். ஜி.டி. நாயுடு பெயரை 2025 அக்டோபரில் அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு வைத்தார்கள். பத்துக் கிலோமீட்டர் நீளம். அதன் மேல் போகும் கார்களில் கோவையில் செய்த கார் ஒன்றுகூட இல்லை.

கார்புரேட்டர் கிடைத்தது. பாய் 1,800 சொன்னார், 1,500-க்கு முடிந்தது. "இதுக்கப்புறம் வராது சார். வண்டியெல்லாம் உடைச்சு முடிஞ்சிருச்சு" என்றார். எஞ்சினும் தறியும் எப்படிச் சொந்தம் என்ற கதையைக் கடைசியில் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "எங்க நன்னா நெசவுதான் சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, டீ சொன்னார்.

பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 வரை 600 ரூபாய். அப்புறம் 5,000. போன வருடத்திலிருந்து, இருபது வயது தாண்டிய காருக்கு 10,000. என் வண்டியை விற்றால் வருவது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. பணத்தைக் கட்டிவிட்டேன். மகனிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.