மூன்றாவது கதிரை

வீட்டுக் கொம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிற ஆக்களிடம், பழக ஆகக் கஷ்டமான விமானம் எது என்டு கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். போர் விமானம் என்பார் ஒருவர், ஹெலிகொப்டர் என்பார் மற்றவர். பயணிகள் விமானம் மட்டும் என்டு சுருக்கிக் கேட்டால், பேச்சு அநேகமாக ஒரு பெயரில் வந்து நிற்கும்: கொன்கோர்ட். ஏன் என்டு கேட்டால் "அந்த வேகம்!" என்பார்கள். மணிக்கு 2000 கிலோமீற்றருக்கு மேலே பறக்கிற ஒன்றை ஓட்டுவது லேசுப்பட்ட காரியமா?

எங்களுக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. கொன்கோர்ட்டின் கஷ்டத்தை அதன் வேகத்தில் தேடுவதைவிட, விமானிகள் அறையின் பின்பக்கம் இருந்த ஒரு கதிரையில் தேட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அந்தக் கதிரையின் கதை பாலமுனைக்கும் கொஞ்சம் சொந்தமானது.

முதலில் விமானத்தைப் பார்ப்போம். பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த கொன்கோர்ட், 1969 மார்ச் 2ஆம் திகதி துலூஸ் நகரில் முதன்முதலாகப் பறந்தது. கட்டியது மொத்தம் 20. அதில் 14தான் பயணிகளை ஏற்றின. அதற்குப் பின்பக்கக் கிடைவால் இல்லை. இறங்கும்போது சிறகிலிருந்து கீழே இறக்குகிற மடிப்புகளும் இல்லை. அதனால் மூக்கை நன்றாக உயர்த்திக்கொண்டுதான் தரைக்கு வர வேண்டும். அந்த நிலையில் வேகம் குறையக் குறைய எஞ்சினுக்கு இன்னும் கூடுதலாக விசை கொடுக்க வேண்டியிருக்கும். செஸ்னாவில் பழகிய கை இங்கே தடுமாறிப் போகும்.

ஆனாலும் இறக்குவதை ஒரு கிழமை விடாமல் பழகினால் பிடித்துக்கொள்ளலாம். பெரிய வேலை எரிபொருளில் இருக்கிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது சிறகைத் தூக்கும் விசையின் மையம் பின்னுக்குப் போகும். பேசாமல் விட்டால் மூக்கு கீழே சாயும். இதைச் சமப்படுத்த ஏறத்தாழ 20 தொன் எரிபொருளை முன் தாங்கிகளில் இருந்து பின்னுக்குப் பம்ப் பண்ணுவார்கள். வேகம் குறைந்து இறங்கத் தொடங்கும்போது திரும்பவும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். மொத்தம் 13 தாங்கிகள். இதோடு, ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வரும் காற்றை எஞ்சின் அப்படியே விழுங்காது. வாயிலுள்ள நகரும் தட்டுகள் அதன் வேகத்தைக் குறைத்துத்தான் உள்ளே அனுப்பும். இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்டு ஒரு ஆள் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஆள்தான் விமானப் பொறியியலாளர். தலைமை விமானி, துணை விமானி, இவர் என்டு மூன்று பேர். துணை விமானிக்குப் பின்னால் வலப்பக்கச் சுவர் முழுக்க இவருடைய மானிகளும் ஆளிகளும்தான். இப்போது வீட்டில் கொன்கோர்ட்டைத் திறந்து இருப்பவரை நினைத்துப் பாருங்க. மூன்று கதிரையில் ஒரே ஆள். முன்னுக்குப் பார்த்தால் எரிபொருள் தவறும், எரிபொருளைப் பார்த்தால் திசை தவறும். சரிபார்ப்புப் பட்டியல்கூட இரண்டு குரலுக்காக எழுதப்பட்டது. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வார். தனியே இருக்கிற நாம் கேள்வியையும் கேட்டு, பதிலையும் நாமே சொல்கிறோம். எங்கள் கடற்கரையில் கரைவலை இழுக்கிறதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வலையில் இரண்டு பக்கமும் கயிறு இருக்கிறது. ஒரு ஆள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இரண்டையும் இழுக்க ஏலாது. அவருக்குத் திறமை இல்லை என்டு யாரும் சொல்லமாட்டோம். அந்த வேலை பல கைக்கு என்டு அமைந்தது.

இனி எங்கள் கரைக்கு வருவோம். 1976 ஜனவரி 21ஆம் திகதி பிரிட்டிஷ் எயார்வேஸ் கொன்கோர்ட் சேவையைத் தொடங்கியது லண்டனில் இருந்து பஹ்ரைனுக்கு. 1977 டிசம்பரில் அதைச் சிங்கப்பூர் வரை நீட்டினார்கள். மலேசியா எதிர்த்ததால் மூன்று பயணங்களோடு நின்றது. 1979இல் திரும்பத் தொடங்கி 1980இல் முற்றாக முடிந்துபோனது. வரைபடத்தில் பஹ்ரைனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில்தான் எங்கள் தீவு கிடக்கிறது.

அதே காலத்தில்தான் எங்கள் ஊர்களில் இருந்தும் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். 1979 செப்டம்பரில் எயார் லங்கா பறக்கத் தொடங்கியபோது வைத்திருந்தது போயிங் 707. மறுகா லொக்ஹீட் ட்ரைஸ்டார் வந்தது. இரண்டிலும் மூன்றாவது கதிரை இருந்தது. பணக்காரர்கள் கொன்கோர்ட்டில் பஹ்ரைன் போனார்கள். எங்கள் வாப்பாமாரின் தலைமுறை எயார் லங்காவில் வளைகுடா போனது. டிக்கட் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இரண்டு விமானத்திலும் முன்னறையில் முகம் தெரியாத ஒருவர் மானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கதிரை எப்படிக் காணாமல் போனது? 1981இல் அமெரிக்க ஜனாதிபதி நியமித்த ஒரு குழு, புதிய ஜெட் விமானங்களுக்கு இரண்டு பேர் போதும், பாதுகாப்புக்குக் குறைவில்லை என்டு முடிவு சொன்னது. விமானிகள் சங்கம் மூன்று பேர் வேண்டும் என்டு போராடிக்கொண்டிருந்த காலம் அது. 1982இல் இரண்டு பேர் ஓட்டும் போயிங் 767 சேவைக்கு வந்தது. அதே 1982இல்தான் புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரும் வெளியானது. பொறியியலாளர் விமானத்தை விட்டு இறங்கத் தொடங்கிய வருடமும், அந்த விளையாட்டு வீட்டுக் கொம்பியூட்டருக்கு வந்த வருடமும் ஒன்று. எயார் லங்காவிலும் தொண்ணூறுகளில் எயார்பஸ் ஏ320, ஏ340 வந்து ட்ரைஸ்டாரின் இடத்தைப் பிடித்தன. 2003இல் கொன்கோர்ட்டும் ஓய்வு பெற்றது.

ஆகவே ஏ320ஐ வீட்டில் ஓட்டி "இது லேசு" என்டு சொல்கிறபோது, அந்த லேசு எங்கிருந்து வந்தது என்டு யோசிக்க வேண்டும். ஒரு மனிதர் செய்த வேலையைக் கொம்பியூட்டர் எடுத்துக்கொண்டதால் வந்தது அது. எங்கள் வயல்களிலும் இதைக் கண்டிருக்கிறோம். வேளாண்மை வெட்டி, சூடு மிதித்து முடிக்க எத்தனை பேர் தேவைப்பட்டார்கள்! இப்போது மெசின் இறங்கினால் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. லேசாகிவிட்டது, உண்மை. அந்த ஆக்கள் எங்கே போனார்கள் என்டு கேட்பதும் வரலாற்றின் வேலை. அவர்களில் கொஞ்சப் பேரின் பிள்ளைகள் வளைகுடா விமானத்தில் ஏறியிருக்கலாம்.

மூன்றாவது ஆள் இருந்தால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்டு நாங்கள் சொல்லவில்லை. 2000 ஜூலை 25ஆம் திகதி பாரிசில் எரிந்து விழுந்த கொன்கோர்ட்டிலும் மூன்று பேர் இருந்தார்கள். 113 உயிர்கள் போயின. மறுபக்கம், 1989இல் அமெரிக்காவில் கட்டுப்பாடு முழுதும் இழந்த ஒரு டிசி-10 விமானத்தை மூன்று பேரும், பயணியாக வந்திருந்த இன்னொரு விமானியும் சேர்ந்து தரைக்குக் கொண்டுவந்தார்கள். 112 பேர் இறந்தாலும் 184 பேர் தப்பினார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

கலைப்பீடத்தில் கல்வெட்டும் கடிதமும்தான் சான்று என்டு படிக்கிறோம். கொன்கோர்ட்டின் அந்தப் பக்கச் சுவரும் ஒரு சான்றுதான். இன்று வழக்கொழிந்த ஒரு தொழிலில் என்னென்ன செய்தார்கள் என்பதை ஒவ்வொரு ஆளியாகத் தொட்டுப் படிக்கலாம். நூதனசாலையில் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் விமானம் அதைச் சொல்லித் தராது.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியரிலேயே கொன்கோர்ட் இருக்கிறது. அதைத் தனியே திறக்காதீர்கள். இரண்டு கூட்டாளிமாரைக் கூப்பிடுங்கள். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் பட்டியலை வாசிக்கட்டும். மூன்றாமவருக்கு எரிபொருளைக் கொடுங்கள். ஆகக் கஷ்டமான விமானம் அப்போது எவ்வளவு லேசாகிறது என்டு பார்த்துவிட்டு எங்களுக்கும் சொல்லுங்கள்.