கண்மாய் வண்டலும் களைக்கொல்லியும்

புதுக்கோட்டை வட்டாரத்தின் வேளாண்மை வரலாறு பெரும்பாலும் நீரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வெள்ளாறும் அக்கினியாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும் ஆறுகளாதலால், இங்குள்ள குடிகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களையும் கண்மாய்களையும் ஏந்தல்களையும் வெட்டி, பெய்த மழையைத் தேக்கிப் பயிர் செய்தனர். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதி இந்த நீர்நிலைகளின் பழமைக்குச் சான்றாக நிற்கிறது. ஆனால் அந்நீரால் பயிர் விளைவித்த மண், தன்மேல் விழுந்த பொருள்களை எவ்வாறு செரித்தது என்ற கேள்வி அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. களைக்கொல்லிகள் பல வயல்களை எட்டிவிட்ட இக்காலத்தில், மண்ணின் செரிமானத்துக்கும் ஒரு வரலாறு தேவைப்படுகிறது.

மாவட்டத்தின் பெரும்பகுதி செம்மண்ணும் செம்புறை மண்ணும் கொண்டது. இரும்பு ஆக்சைடுகள் மிகுந்து, களியும் மக்கும் குறைந்து காணப்படும் இம்மண், நீரையும் சத்தையும் நெடுநாள் பிடித்துவைப்பதில்லை. இக்குறையை அறிந்தே முன்னோர் அதற்கு ஈடு செய்தனர். கோடையில் கண்மாய் வற்றியதும், அதன் அடியில் படிந்த வண்டலை வண்டிகளில் அள்ளிச் சென்று வயலில் கொட்டிப் பரப்பினர். அறுவடை முடிந்த தாளடியில் ஆட்டுக்கிடை போடச் செய்தனர். கொழிஞ்சி, புங்கம், வேம்பு ஆகியவற்றின் தழையைச் சேற்றில் மிதித்தனர். பயிருக்கு உரமாகக் கருதப்பட்ட இப்பொருள்கள், மண்ணில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் உணவாகவும் உறைவிடமாகவும் அமைந்தன. வளமான மேல்மண்ணின் ஒரு கிராமில் கோடிக்கணக்கில் வாழும் இவ்வுயிர்கள், மண்ணில் சேரும் கரிமப் பொருளைச் சார்ந்தே பெருகவும் குறையவும் செய்கின்றன.

களையைப் பொறுத்தவரை, நெடுங்காலம் கையும் களைக்கொத்துமே கருவிகளாக இருந்தன. நடவு வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து கோரையையும் புல்லையும் பிடுங்கி வரப்பில் எறிந்தனர். நிலக்கடலையில் இரண்டாம் களையெடுப்போடு சேர்த்துச் செடியின் தூரில் மண் அணைக்கப்பட்டது. மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் பகுதிகளில், நாற்று நடவில் நிற்கும் தண்ணீர் தரும் பாதுகாப்பு இல்லாததால், பயிரும் களையும் ஒன்றாகவே முளைத்தன. அங்கே களையெடுப்பு மற்ற எல்லா வேலைகளையும் விட மிகுதியாக ஆள்கூலியை விழுங்கியது.

இச்சுமையைக் குறைக்க வந்தவையே வேதிக் களைக்கொல்லிகள். அவற்றுள் முன்னோடியான 2,4-டி, இரண்டாம் உலகப்போரின் இறுதியை ஒட்டி மேலை நாடுகளில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் களைக் கட்டுப்பாட்டுக்கான அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபின், பயிருக்கேற்ற மருந்தும் அளவும் பரிந்துரைகளாக உழவரை எட்டின. நடவு நெல்லுக்கு பூட்டாகுளோர் பரிந்துரைக்கப்பட்ட முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: எக்டருக்கு 1.25 கிலோ வீரியப் பொருளுக்குரிய மருந்தை 50 கிலோ உலர்ந்த மணலில் கலந்து, நட்ட 3 முதல் 5 நாள்களுக்குள், வயலில் மெல்லிய அளவு நீரை நிறுத்தி, உரம் வீசுவதைப் போலக் கையால் சீராகத் தூவ வேண்டும். தூவியபின் சில நாள்களுக்கு அந்நீரை வடிக்கக் கூடாது. நிலக்கடலையிலும் உளுந்திலும், விதைத்த மூன்றாம் நாளுக்குள் ஈரமண்ணின்மேல் பெண்டிமெத்தலின் தெளிக்கும் வழக்கம் பரவியது.

தூவிய மருந்து பின்னர் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடைகளுள் ஒன்று 1949ஆம் ஆண்டில் இலண்டனில் கிடைத்தது. எல். ஜே. ஆடஸ் என்னும் தாவரவியலாளர், 2,4-டி கரைசலை ஒரே மண்ணின் வழியே மீண்டும் மீண்டும் ஓடவிட்டு அதன் அளவைக் கணித்துவந்தார். முதலில் சில நாள்கள் பெரிய மாற்றம் இல்லை. பிறகு மருந்து விரைந்து மறைந்தது. அதே மண்ணுக்கு இரண்டாம் முறை மருந்து கொடுத்தபோது அந்தத் தொடக்கத் தாமதமே இல்லாமல் போயிற்று. வெறும் வேதிவினை இவ்வாறு பழகிக்கொள்ளாது என்பதால், மண்ணில் உள்ள உயிர்களே அம்மருந்தை உணவாக்கிக்கொண்டு பெருகின என்பது புலனாயிற்று.

அவ்வுயிர்கள் செய்யும் வேலையின் படிகளைப் பிற்கால ஆய்வுகள் விளக்கின. பாக்டீரியாவின் ஒரு நொதி, அதாவது வினையை விரைவுபடுத்தும் புரதம், 2,4-டி மூலக்கூறின் பக்கச் சங்கிலியை அறுக்கிறது. அடுத்த நொதி, எஞ்சிய குளோரின் ஏற்ற பீனாலில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. மூன்றாவது நொதி, எளிதில் உடையாத அந்த ஆறு கரி வளையத்தைத் திறக்கிறது. திறந்த வளையம் செல்லின் வழக்கமான ஆற்றல் உற்பத்திப் பாதையில் கலந்து, முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் உப்பாகவும் பிரிகிறது. இந்நொதிகளுக்கான மரபணுக்கள் பல பாக்டீரியாக்களில் பிளாஸ்மிடு எனப்படும் தனி மரபு வளையத்தில் அமைந்திருப்பதையும், அவ்வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியது என்பதையும் ஆஸ்திரேலியாவில் டான், பெம்பர்டன் என்னும் ஆய்வாளர்கள் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு வயலின் பாக்டீரியாக் கூட்டம் ஒரு மருந்துக்குப் பழகுவது பெரும்பாலும் இவ்வழியிலும் நிகழ்கிறது.

எல்லா மருந்தும் இவ்வளவு எளிதில் மசிவதில்லை. மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் இடப்படும் அட்ரசின் 1950களின் இறுதியில் அறிமுகமாகியும், அதை முழுமையாகச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் 1990களில்தான் தெளிவாக அறியப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்ற சூடோமோனாஸ் இனம் ஒன்று, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அம்மருந்து சிந்திய இடத்து மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டது. நெல்வயலின் திறனுக்கு, களைக்கொல்லியாக இல்லாவிடினும் பூச்சிக்கொல்லிகளின் வழியே, ஆசியச் சான்று கிடைத்தது: பின்னாளில் கட்டாக்கின் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய என். சேதுநாதன், யோஷிடா என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து 1973ஆம் ஆண்டில், டயசினானையும் பாரத்தியானையும் சிதைக்கும் பாக்டீரியாவை விவரித்தார்.

இவ்வறிவைப் புதுக்கோட்டை மண்ணுக்குப் பொருத்திப் பார்க்கும்போது பல நுட்பங்கள் வெளிப்படுகின்றன. நீர் நின்ற நெல்வயலில் ஆக்சிஜன் குன்றுவதால் 2,4-டி போன்றவற்றின் சிதைவு மெதுவாகிறது. மாறாக, பெண்டிமெத்தலினில் உள்ள நைட்ரோ தொகுதிகளை ஆக்சிஜனற்ற சேற்றுப் பாக்டீரியாக்கள் விரைவாக மாற்றுகின்றன. செம்புறை மண்ணின் இரும்பு ஆக்சைடுகள் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை இறுகப் பிடித்துக்கொள்வதால், அது கீழிறங்குவது குறைகிறது. ஆனால் பிடிபட்ட மருந்து பாக்டீரியாக்களுக்கு எளிதில் எட்டாமலும் போகிறது. கோடையின் வறட்சியில் எல்லாச் சிதைவும் ஏறத்தாழ நின்றுவிட, எஞ்சிய மருந்து வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருக்கில் கரையவும் கண்மாய்க்கு அடித்துச் செல்லப்படவும் கூடும்.

மேல்மண்ணைத் தாண்டி இறங்கிய மருந்தின் கதை வேறு. மாவட்டத்தின் மேற்கே கடும்பாறையின் பிளவுகளிலும், ஆலங்குடி, அறந்தாங்கி சார்ந்த கிழக்கே படிவுப் பாறைகளிலும் நிலத்தடி நீர் தங்குகிறது. அந்த ஆழத்தில் கரிமப் பொருளும் ஆக்சிஜனும் அருகிவிடுவதால் பாக்டீரியாக்களும் குறைவு. வயலில் வாரக்கணக்கில் மறையும் மருந்து அங்கே ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் அட்ரசினை விலக்கியது, அது நிலத்தடி நீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்னும் வரம்பைத் தாண்டிக் காணப்பட்டதால்தான். இந்தியக் குடிநீர்த் தரநிலை 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே மருந்துக்கு 2 மைக்ரோகிராமை வரம்பாக வைத்துள்ளது. ஆழ்துளைக் கிணற்றையே நம்பிப் பூவும் வாழையும் காய்கறியும் விளைவிக்கும் ஊர்களில், அதே கிணறு குடிநீரும் தருவதால், கிணற்றடியில் தெளிப்பான் கழுவுவதும் மருந்துக் குப்பியை அலசிக் கொட்டுவதும் மேல்மண் என்னும் காவலைத் தாண்டி நஞ்சை நேரே கீழே அனுப்பும் செயல்களாகும்.

புதுக்கோட்டையின் கடந்த அரை நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்துள்ளன. மண்ணுக்கு வண்டலும் கிடையும் தழையும் சேர்த்த வழக்கங்கள் மெலிந்தன. அதே மண் செரிக்க வேண்டிய வேதிப்பொருள்கள் பெருகின. கூலியாள் தட்டுப்பாட்டுக்கிடையே களைக்கொல்லியைக் கைவிடச் சொல்வது உழவரின் நிலையை அறியாத பேச்சாகும். ஆனால் செரிக்க வேண்டிய மண்ணுக்கு ஊட்டத்தை நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் ஏற்றுவது நெடுநாள் நடக்காது. 1959ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் கண்மாய் வண்டலை உழவர் வயலுக்கு எடுத்துச்செல்ல வழி தருகின்றன. 2017ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்ற குடிமராமத்துத் திட்டம் அக்கண்மாய்களைத் தூர்வாரவும் வாய்ப்பளித்தது. நீர் கொள்ளளவைக் கூட்டும் பணியாக மட்டும் எண்ணப்படும் இத்தூர்வாரலை, நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை வயலில் வாழவைக்கும் பணியாகவும் கணக்கில் கொள்வதே இம்மாவட்டத்தின் நிலத்துக்கும் கிணற்றுக்கும் பொருந்தும் வழியாகும்.