கொல்லைக் கதவு

தேவனாம்பட்டினத்துக்குப் போய்ப் பழைய கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கெடிலம் ஆற்றங்கரையில் சில இடிந்த சுவர்கள், புதர்கள், மேலே கடற்காற்று. அவ்வளவுதான். கடலூரின் சரித்திரத்தில் பாதி இந்தப் புதருக்குள்தான் கிடக்கிறது.

ஆங்கிலேயக் கம்பெனியார் 1690-இல் இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் அவர்களுக்கு என்பது பேரம். குண்டு எட்டிய கிராமங்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. நிலத்தை அளக்க இதைவிட லாபகரமான சங்கிலி உலகத்தில் இருந்திருக்க முடியாது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தபோது, கிளைவ் என்ற இளம் குமாஸ்தா மாறுவேஷம் போட்டுக்கொண்டு தப்பி ஓடிவந்து சேர்ந்ததும் இங்கேதான். 1758-இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான்.

நான் சொல்ல வந்தது கோட்டையைப் பற்றி அல்ல, கதவைப் பற்றி. கோட்டைக் கதவுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. வெளியே இருக்கிறவன் உள்ளே வரக் கூடாது. அதற்காகத்தான் இரும்புப் பட்டை, குமிழாணி, குறுக்கே கணையமரம். பெரிய கதவைத் திறக்காமல் ஒவ்வோர் ஆளாக உள்ளே விடுவதற்கு அதிலேயே ஒரு திட்டிவாசல். அதிலும் தலை குனிந்துதான் நுழைய வேண்டும். குனிந்த தலையை வெட்டுவது சுலபம் அல்லவா? சிதம்பரத்தில் நடராஜர் கோயிலே கோட்டையாகப் பயன்பட்ட காலம் உண்டு. 1781 ஜூன் மாதத்தில் ஹைதர் அலியின் ஆட்கள் அதற்குள் இருந்தார்கள். சர் அயர் கூட் தம் படையோடு வந்து முட்டிப் பார்த்தார், நஷ்டப்பட்டுத் திரும்பினார். கதவுகள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தன.

பகைவன் வெளியே இருக்கிற வரையில் இந்தச் சாஸ்திரம் சரி. நெருப்பு என்ற பகைவன் உள்ளேயே பிறக்கிறவன். அவன் வந்துவிட்டால், நம்மைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட தாழ்ப்பாள் ஒவ்வொன்றும் அவன் கட்சிக்குப் போய்விடுகிறது.

இதை நான் யோசிக்க ஆரம்பித்தது சிதம்பரத்தில், என் பாட்டி இருந்த வீட்டை இருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு மறுபடி பார்க்கப் போனபோது. கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்த வீடு இருந்தது. பழைய தெருவீடுகளை அறிந்தவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்லத் தேவையில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், கொல்லை. அகலம் பதினைந்தடி இருந்தால் அதிகம். நீளமோ இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த சந்தில் போய் முடியும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவர், ஜன்னல் கிடையாது. இவ்வளவு நெருக்கத்திலும் ஒரு நல்ல அம்சம் இருந்தது. வாசல் கதவில் நின்று பார்த்தால் நேர்கோட்டில் கொல்லைக் கதவு தெரியும். நடுவில் முற்றம், அதற்கு மேலே ஆகாயம். அடுக்களையில் தீப்பிடித்தால் கூடத்தில் இருப்பவர் தெருவுக்கு ஓடலாம், கிணற்றடியில் இருப்பவர் சந்துக்கு ஓடலாம். புகை முற்றத்தின் வழியே மேலே போய்விடும். இப்போது கட்டட விதிகள் எத்தனையோ பக்கங்களில் சொல்லுகிற விஷயம், ஒரு கொத்தனாரின் பழக்கத்தில் அடங்கியிருந்தது.

அந்தக் காலத்துப் பெரியவர்களின் முன்யோசனையே யோசனை என்று நான் இப்போது எழுதிவிட்டால், பாதி வாசகர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அது உண்மையல்ல. கொல்லைக் கதவை யாரும் நெருப்புக்காக வைக்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போக, விறகு வண்டி வர, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொல்லைக் கோடியில் இருந்த எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்கிறவர் வர. முன்வாசல் வழியாக அவரை உள்ளே விடமாட்டார்கள். அவருக்கென்று ஒரு சந்து, அந்தச் சந்துக்கு ஒரு கதவு. ஒரு மனிதனை வாசலில் நிறுத்தக் கூடாது என்ற கொடுமையால் ஏற்பட்ட வழி, வீட்டாருக்கு உயிர் தப்பும் வழியாகவும் இருந்தது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

காரணம் அதுவாக இருந்ததால்தான், காரணம் போனவுடன் கதவும் போயிற்று. வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் கீழே மலத்தொட்டியும் வந்தன. 1993-இல் எடுப்புக் கக்கூஸைச் சட்டமே தடுத்தது. 2013-இல் இன்னும் கண்டிப்பான சட்டம் வந்தது. வர வேண்டியவைதாம், மிகவும் தாமதமாக வந்தன. மாடுகளும் போய்விட்டன. கொல்லைக்கு வேலை இல்லாமல் போனதும் அங்கே ஒரு அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். முற்றத்தின் மேல் தகரமோ தளமோ போட்டு மூடினார்கள். சந்து ஆக்கிரமிப்பில் குறுகியது. திருட்டுப் பயம் என்று மிச்சமிருந்த இடத்துக்கெல்லாம் கம்பி அடித்தார்கள். நூறு வருஷமாக இரண்டு வாசல் இருந்த வீட்டுக்கு இப்போது ஒரு வாசல். 

ஒரு வாசல் என்றால் என்ன அர்த்தம் என்பதைத் தமிழ்நாடு நாலு வருஷத்துக்குள் மூன்று முறை கண்டது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களுக்கு வாசல் இருந்தும் கால் இல்லை. 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், ஓலைப் பந்தலில் தீப்பற்றி ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாப்பிள்ளையும் அவர்களில் ஒருவர். அதே வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம். சிதம்பரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணம். சமையற்கூடத்தில் கிளம்பிய நெருப்பு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் குழந்தைகள், இறங்குவதற்கு ஒடுங்கிய மாடிப்படி. 94 குழந்தைகள். இந்த எண்ணை எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவது எனக்கு எப்போதுமே கஷ்டமாக இருக்கிறது.

பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளைப் பிரிக்கும்படி அதன் பிறகு உத்தரவு வந்தது. எல்லோரும் கூரையைப் பற்றியே பேசினார்கள். கூரை எரியத்தான் எரியும். கீற்றின் குணம் அது. கடலூர்க் கடற்கரைக் குப்பங்களில் கோடை தோறும் கீற்றுக் குடிசைகள் எரிந்திருக்கின்றன. பெரும்பாலும் தட்டுமுட்டுச் சாமான்களும் ரேஷன் கார்டும் போகும், ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஏனென்றால் குடிசையில் வாசலுக்கும் கடைசி மூலைக்கும் நாலு எட்டுத்தான். படியைப் பற்றியும் கதவைப் பற்றியும் பேசியவர்கள் குறைவு.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்ற அற்ப விஷயத்துக்காக வெளிநாடுகளிலும் நிறைய உயிர்கள் போயிருக்கின்றன. இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்ற ஊரில் 1883-இல் ஒரு குழந்தைகள் காட்சி. நெருப்பே இல்லை. கீழே பரிசுப் பொம்மை கொடுக்கிறார்கள் என்று மாடியிலிருந்த குழந்தைகள் ஓடிவந்தன. படியின் அடியில் இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதையும் ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் நெரிந்து இறந்தன. பின்னால் வருகிற கூட்டம் தள்ளத் தள்ள, உள்பக்கம் திறக்கிற கதவை எவராலும் இழுக்க முடியாது. மனிதனின் நெஞ்சே அதற்குத் தாழ்ப்பாளாகிவிடுகிறது. பிற்பாடு அந்நாட்டிலும், 1903-இல் சிகாகோவில் ஒரு நாடகக் கொட்டகை எரிந்து 602 பேர் இறந்த பிறகு அமெரிக்காவிலும், உடம்பு மோதினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பித் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தார்கள். இன்று பெரிய சினிமாக் கொட்டகைகளில் நாம் கவனிக்காமல் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறோமே, அந்தக் கம்பி இப்படி வந்தது.

நியூயார்க்கில் 1911 மார்ச் 25-ஆம் தேதி நடந்தது இன்னொரு வகை. பெண்களின் சட்டை தைக்கும் தொழிற்சாலை, கட்டடத்தின் மேல்மாடிகளில். வேலை செய்த பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒரு பக்கத்துப் படிக்கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் புதிதாகக் குடியேறிய ஏழைப் பெண்கள். முதலாளிகள் குற்றவாளிகள் அல்ல என்று தீர்ப்பாயிற்று. சட்டங்கள் மட்டும் மாறின.

அந்தப் பூட்டின் நிழலை நம் நாட்டுச் சட்டத்திலும் பார்க்கலாம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அப்போது இப்படிச் சொல்லிற்று: உள்ளே ஆள் இருக்கும்போது கதவை உடனே திறக்க முடியாதபடி பூட்டவோ பிணைக்கவோ கூடாது, நகர்த்தும் கதவாக இல்லாவிட்டால் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சாதாரண வாசல் அல்லாத தப்பும் வழிக்குச் சிவப்பு எழுத்தில், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரிகிற பாஷையில் அடையாளம் எழுத வேண்டும். சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவருக்குக் கற்பனை இருந்திருக்கிறது. எரிகிற கட்டடத்துக்குள் ஒருவன் புரியாத பாஷையைப் படித்துக்கொண்டு நிற்பதை அவர் மனக்கண்ணால் பார்த்திருக்கிறார். இப்போது பல இடங்களில் பச்சை விளக்கில் இங்கிலீஷ் வார்த்தை ஒன்று ஒளிர்கிறது. அதற்குக் கீழே அரிசி மூட்டையோ அட்டைப் பெட்டியோ அடுக்கியிருக்கிறது.

விசையால் இயங்கும் இயந்திரமும் பத்துத் தொழிலாளரும் இருந்தால் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் இருபது பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்றும் இருக்கிறது. வெளியேறும் கதவு ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, உள்ளிருப்பவர் சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்லுகிறது. ஆனால் விதிகளின் பார்வை உயரமான கட்டடத்தின் மேலும் பெருங்கூட்டம் சேரும் இடத்தின் மேலும்தான் அதிகம். பதினைந்தடி அகல வீட்டைத் தேடிக்கொண்டு எந்த அதிகாரி வருவார்?

கதவு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி, காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் குருங்குடியில் ஒரு வெடித் தயாரிப்புக் கட்டடம் வெடித்துத் தரைமட்டமாயிற்று. உள்ளே இருந்தவர்கள் பெண்கள். ஏழு பேர் அன்றே மாண்டார்கள். வெடிமருந்து, ஓட அவகாசம் கொடுப்பதில்லை. அங்கே உயிரைக் காப்பது மருந்தின் அளவும் ஓர் அறைக்குள் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையும்தான். துணியும் மரமும் ஓலையும் அப்படியல்ல. அவை இரண்டு மூன்று நிமிஷமாவது கொடுக்கும். அந்த நிமிஷங்களை வைத்துக்கொண்டு போவதற்கு ஓர் இடம் வேண்டும்.

பாட்டி வீட்டுக்குத் திரும்புகிறேன். வீடு இப்போது வேறொருவருடையது. கூடத்தில் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள், எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. முற்றம் மூடியாகிவிட்டது. பாட்டி அரிசி புடைத்த இடத்தில் வெட்டுத் துணி குவியல் குவியலாகக் கிடந்தது. ரேழியில் கட்டி அடுக்கிய மூட்டைகள். ஒருக்களித்துத்தான் உள்ளே போனேன். பழைய சட்டத்தில் இது தொழிற்சாலை. இப்போது வேறு எந்தத் தலைப்பில் வருமோ, இந்தப் பெயரில் வராது.

கொல்லைக் கதவு இருந்தது. அதன் முன்னால் ஒரு இரும்பு பீரோ.

“இதை எதற்கு இங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“சந்துப் பக்கம் திருட்டுப் பயம் சார். கதவும் பழசு” என்றார் வீட்டுக்காரர். நல்ல மனிதர், எனக்குக் காப்பி வாங்கி வரச் சொன்னார். நான் கும்பகோணத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிற்று. அவருடைய அக்கா பெண் அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாளாம். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. பீரோ சுவர் ஓரமாக நகர்ந்திருந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளிலும் கீலிலும் ஒரு பெண் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப வருது சார், நீங்களே இழுத்துப் பாருங்க” என்றாள்.

இழுத்தேன். முனகிக்கொண்டு திறந்தது, உள்பக்கமாக. அப்பால் சந்து, எதிர்ச் சுவரில் வெயில் அடித்தது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்ய எவ்வளவு ஆகும் என்று வீட்டுக்காரர் கேட்டார். மேல வீதியில் தெரிந்த தச்சர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.