மெழுகுவத்திப் புகையும் முதல் எஸ்.எல்.ஆர் பொட்டியும்

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரலை, ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் அக்கா பையன் ஃபோன் பண்ணினான். "மாமா, முதல் சம்பளம் வந்தாச்சு. இத்தனை நாள் சின்ன கேமராவை வெச்சே ஓட்டிட்டேன். உருப்படியா ஒண்ணு வாங்கணும், எதை வாங்கலாம்?"னு கேட்டான். ஒரு வரியில பதில் சொல்லிடலாம்தான். ஆனா நமக்கு அந்தப் பழக்கம் இல்லையே :) அதனால கொசுவத்தியைச் சுத்திடறேன்.

2004-ல அவனோட முதல் பிறந்த நாள். என் கையில ஒரு குட்டி டிஜிட்டல் பொட்டி. மங்கலான ஹால், கேக், ஒத்தை மெழுகுவத்தி. அக்கா குழந்தையை மடியில வெச்சு ஊதறா. நான் பட்டனை அமுக்கறேன். பொட்டி யோசிக்குது... யோசிச்சு முடிச்சு அது 'க்ளிக்' சொன்னப்போ படத்துல இருந்தது புகை மட்டும்தான். சுத்தி எல்லாம் ஒரே புள்ளி புள்ளி வேற. "புகையை எடுக்கவாடா உன்னைக் கூப்பிட்டேன்?"னு அக்கா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா.

குறை என் விரல்ல இல்லைன்னு அப்புறமாத்தான் புரிஞ்சது. அந்தக் காலத்துச் சின்னப் பொட்டிகள் சென்சார்ல விழற படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்து ஃபோகஸ் தேடும். எஸ்.எல்.ஆர்ல கண்ணாடி வழியா வெளிச்சத்தைப் பிரிச்சு, ஃபோகஸுக்குன்னே இருக்கற தனிச் சில்லுக்கு அனுப்புவாங்க. அதான் சட்டுனு பிடிக்கும். சென்சார் அளவும் ஒரு காரணம். குட்டிப் பொட்டியில அகலம் 6, 7 மி.மீ. தான். எஸ்.எல்.ஆர்ல 22 மி.மீ.க்கு மேல. ஜன்னல் பெருசுன்னா வெளிச்சம் ஜாஸ்தி, புள்ளி கம்மி.

அப்போ எஸ்.எல்.ஆர் வாங்க வேண்டியதுதானேங்கறீங்களா? விலையைக் கேட்டா தலை சுத்தும். 1991-ல கோடாக் கம்பெனி நிக்கான் எஃப்3 உடம்புல டிஜிட்டல் சென்சாரை வெச்சு டி.சி.எஸ்னு ஒண்ணு வித்தாங்க. 1.3 மெகாபிக்சல். படம் சேமிக்கத் தோள்ல தனியா ஒரு பொட்டி மாட்டிக்கணும். விலை சுமார் 20 ஆயிரம் டாலர்! 1999-ல நிக்கான் டி1 வந்தப்போ அது 5 ஆயிரம் டாலர் அளவுக்கு இறங்குச்சு. 2000-ல கேனன் டி30, சுமார் 3 ஆயிரம். எல்லாமே பத்திரிகைக்காரங்களுக்கும் ஸ்டூடியோக்காரங்களுக்கும்தான். நாம கண்ணாடி அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்க வேண்டியதுதான்.

2003 ஆகஸ்ட்ல கேனன் 300டி வந்துது. அமெரிக்காவுல இதுக்குப் பேரு டிஜிட்டல் ரெபெல், ஜப்பான்ல கிஸ் டிஜிட்டல். பாடி மட்டும் 899 டாலர், 18-55 லென்ஸோட 999. அன்னிக்கு நம்ம காசுல சுமார் 45 ஆயிரம். லென்ஸ் மாத்தற டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் ஆயிரம் டாலருக்குக் கீழ வந்தது அப்போதான். எப்படிக் குறைச்சாங்க? 6 மெகாபிக்சல் சென்சார், அதே வருஷம் 1,499 டாலருக்கு வித்த 10டி-யோடதேதான். உலோக உடம்புக்குப் பதிலா வெள்ளிக் கலர் பிளாஸ்டிக். கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலா சாதாக் கண்ணாடிகள். 10டி தொடர்ச்சியா 9 படம் எடுக்கும்னா இது 4. அவ்ளோதான். சில வசதிகளை மென்பொருள்லயே பூட்டி வெச்சுட்டாங்க. ரஷ்யாக்காரர் ஒருத்தர் அந்தப் பூட்டைத் திறந்து மாற்று மென்பொருளே விட்டுட்டார் :) ஃப்ளாஷைக் கூட்டிக் குறைக்கறது, ஐ.எஸ்.ஓ 3200 எல்லாம் உள்ளயே தூங்கிட்டு இருந்திருக்கு!

அடுத்த ஜனவரியிலேயே நிக்கான் டி70. ஆன் பண்ணின நொடியே தயாரா நிக்கும். 300டி-க்கோ கண் முழிக்க 3 நொடி ஆகும். அதுக்கப்புறம் போட்டி, போட்டின்னு விலை இறங்கிட்டே வந்துது. 2006 கடைசியில டி40, லென்ஸோட 599 டாலர்.

நம்ம ஆளுங்க எல்லாரும் அப்போ மண்டையை உடைச்சிக்கிட்டது 'கேனனா நிக்கானா, 6 மெகாபிக்சலா 8-ஆ'ன்னுதான். நானும்தான். தங்கமணி சாட்சி. ஆனா இத்தனை வருஷம் கழிச்சுத் திரும்பிப் பார்த்தா, நாங்க கேட்டதே தப்பான கேள்வி. பாடி மூணு வருஷத்துல பழசாயிடும். லென்ஸ் மாட்டற வாய் இருக்கே, மவுண்ட், அதுதான் உங்களோட இருபது வருஷம் குடித்தனம் பண்ணப் போகுது. சரித்திரத்தைப் பாருங்க.

1976-ல கேனன் ஏஈ-1 வந்தது. உள்ளே மைக்ரோபிராசஸர், கையை அடக்கின விலை, ஃபிலிம் காலத்தோட 300டி-ன்னே சொல்லலாம். லட்சக்கணக்கானவங்களுக்கு அதுதான் முதல் சீரியஸ் கேமரா. ஆசை ஆசையா லென்ஸ் சேர்த்தாங்க. 1987-ல ஆட்டோஃபோகஸுக்காகக் கேனன் மவுண்ட்டையே மாத்திட்டாங்க. பழைய லென்ஸ் புதுசுல மாட்டாது. எத்தனை பேர் வயிறு எரிஞ்சிருக்கும்!

அதே சமயம், 1987-ல அந்தப் புது ஈ.எஃப் மவுண்ட் லென்ஸை வாங்கினவங்க அதை 2003-ல 300டி-யில மாட்டினாங்க. 2018-ல கண்ணாடியில்லாத ஆர்.எஃப் மவுண்ட் வந்தப்பவும் ஒரு அடாப்டர் போட்டா ஃபோகஸோட வேலை செஞ்சுது. நிக்கான் எஸ்.எல்.ஆர்ல 1959-லிருந்து ஒரே எஃப் மவுண்ட். ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம். டி40 உள்ளே ஃபோகஸ் மோட்டாரே கிடையாது. பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ் மாட்டும், ஆனா கையாலதான் திருகணும்.

மினோல்டா கதை இன்னும் சோகம். 1985-ல ஆட்டோஃபோகஸ் எஸ்.எல்.ஆரை உலகத்துக்கே பழக்கின கம்பெனி. 2006 ஜனவரியில கோனிகா மினோல்டா கேமராத் தொழிலையே விட்டாங்க. நல்ல வேளை, மவுண்ட்டைச் சோனி எடுத்துக்கிட்டாங்க. அதுவும் 2021-ல முடிஞ்சுது. ஒலிம்பஸோட ஃபோர் தேர்ட்ஸ் 2003-ல ஆரம்பம், கடைசி பாடி 2010-ல. ஏழே வருஷம்.

நான் 2006-ல கையிருப்புக்குத் தகுந்த மாதிரி, நண்பன்கிட்டேருந்து பழைய 300டி வாங்கினேன். கூடவே 50 எம்.எம், எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு. 1990-ல வந்த டிசைன், மாட்டற வாய்கூட பிளாஸ்டிக். ஃபோகஸ் பண்ணும்போது மிக்ஸி மாதிரி சத்தம். ஆனா அந்த வருஷம் அவனோட பிறந்த நாள்ல, அதே ஹால்ல, ஃப்ளாஷ் இல்லாம, மூணு மெழுகுவத்தியும் எரிஞ்சிட்டு இருக்க, உப்பின கன்னத்தோட அவன் முகம் விழுந்துது. அக்கா வீட்டு ஹால்ல இன்னும் மாட்டியிருக்கு. பாடி பீரோவுல தூங்குது. லென்ஸ் இன்னும் ஓடுது.

அதனால அவனுக்கு மூணே விஷயம்தான் சொன்னேன். ஒண்ணு, முதல்ல மவுண்ட்டைத் தேர்ந்தெடு. அதுல சல்லிசா 35 இல்லாட்டி 50 எம்.எம் லென்ஸ் கிடைக்குதா, பழைய சரக்கு சந்தையில நிறைய இருக்கான்னு பாரு. ரெண்டு, பாடி ஒரு படி கீழயோ, போன தலைமுறையோ போதும். 300டி-யும் 10டி-யும் ஒரே படத்தைத்தான் எடுத்துது. மிச்சக் காசை லென்ஸ்ல போடு. மூணு, கடைக்குப் போய்க் கையில பிடிச்சுப் பாரு. கனம்னு வீட்டுல வெச்சுட்டுப் போனா எந்தப் பொட்டியும் தண்டம்.

"இதுக்கா மாமா இவ்ளோ நேரம்?"னு கேட்டுட்டான் பாவி. ஞாயித்துக்கிழமை வர்றானாம். 50 எம்.எம்மைத் துடைச்சு வெச்சிருக்கேன். அவன் ஈ.எஃப் மாட்டற மாதிரி எதை வாங்கினாலும் லென்ஸ் அவனுக்குத்தான். வேற பக்கம் போனா அதுவும் அவன் இஷ்டம், எனக்கு லென்ஸ் மிச்சம் :)

டிஸ்கி: உங்க முதல் பொட்டி எது, அதோட லென்ஸ் இன்னும் எதுலயாவது மாட்டுதான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.