முடியாட்சியின் கடைசிப் பிரதமர், குடியரசின் முதல் முதலமைச்சர்: பூ.ச. குமாரசுவாமி ராஜா

1949 ஏப்ரல் 6 அன்று ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசுவாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றார் (மாகாண அரசின் தலைவருக்கு அன்று அதுவே பெயர்). அப்போது இந்தியா விடுதலை பெற்றிருந்தது, குடியரசாகியிருக்கவில்லை. சட்டப்படி நாட்டின் தலைவர் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 25 வரை நடந்தது நாடாளுமன்ற முறையும் கூட்டாட்சிச் சாயலும் கொண்ட அரசியலமைப்பு முடியாட்சி. நம் பாடநூல்கள் ஒரே வரியில் தாண்டிவிடும் இக்காலம் எப்படி இயங்கியது, முடி நீங்கியபோது எது மாறியது என்பதற்கு இவரது மூன்றாண்டு ஆட்சியே நல்ல சான்று.

அடித்தளம் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம். அது மத்திக்கு 59, மாகாணங்களுக்கு 54, இருவருக்கும் பொதுவாக 36 எனத் துறைகளைப் பிரித்தது. சுதேச மன்னர்கள் போதிய அளவில் இணையாததால் கூட்டாட்சிப் பகுதி அந்த வடிவில் நடைமுறைக்கு வரவேயில்லை. மாகாணங்களிலோ ஆளுநர் தம் விருப்பப்படி முடிவெடுக்கும் அதிகாரங்கள் இருந்தன. 1937 தேர்தலில் வென்றும் காங்கிரஸ் உடனே பதவியேற்கத் தயங்கியதற்கு அதுவே காரணம். அந்த அதிகாரங்களை 1947இன் தற்காலிக அரசியலமைப்பு ஆணை நீக்கியது. அதன்பின் ஆளுநர் மன்னரின் பெயரால் மசோதாவுக்கு ஒப்புதல் தருவார், முடிவெடுப்பது அமைச்சரவை.

குமாரசுவாமி ராஜா காலத்து ஆளுநர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. தம் சமஸ்தானத்தில் 1948 ஜனவரியிலேயே மக்களாட்சிக்கு வழிவிட்டவர். பரம்பரை அரசர் ஒருவர், காங்கிரஸ் தொண்டராக வளர்ந்த ஒருவரின் ஆலோசனைப்படி கையெழுத்திட்டார். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர். அங்கே 1949 ஜூலை 1 முதல் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர்-கொச்சியின் ராஜப்பிரமுகர், அதாவது ஆளுநரின் இடத்தில் இருந்த மாநிலத் தலைவர். நாடு குடியரசான பிறகும், 1956 வரை, அவர் அந்தப் பதவியிலேயே இருந்தார். இன்றைய மலேசியாவில் ஒன்பது மாநில மன்னர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுப்பதை வியக்கிறோம். அதற்கு உறவான ஏற்பாடு ஒன்று நம் மலைக்கு அப்பாலேயே இருந்திருக்கிறது.

1950 ஜனவரி 26 அன்று சென்னையில் அமைச்சரவை மாறவில்லை, ஆளுநர் மாறவில்லை, சட்டமன்றமும் கலையவில்லை. பிரதமர் முதலமைச்சரானார், அவ்வளவே. ஆகவே முடி நீங்கியது வெறும் சடங்கு என்று சொல்லத் தோன்றும். அது தவறு என்பதே என் வாதம். மாற்றம் வந்த இடங்கள் இரண்டு: நீதிமன்றமும் வாக்குச்சாவடியும்.

1950 மார்ச் 1 அன்று பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாநிலத்துக்குள் வரச் சென்னை அரசு தடை விதித்தது. அதற்கு ஆதாரம் முடியாட்சிக் காலத்தில் இயற்றிய 1949ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம். மே 26இல் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பு தந்த பேச்சுரிமையின் பேரில், அத்தடையை ரத்து செய்தது. சில மாதங்களுக்கு முன் இத்தகைய ஆணைக்கு எதிராக இந்த உரிமை எவரிடமும் இல்லை. அடுத்தது செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்து, பல்லாண்டுகளாக நடப்பிலிருந்த வகுப்புவாரி அரசாணை 1951 ஏப்ரல் 9இல் செல்லாது என்றானது. பிற்படுத்தப்பட்டோர் வீடுகளில் அது பேரிடி. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15ஆம் பிரிவில் இடஒதுக்கீட்டுக்கு வழிவைத்தது. பொது ஒழுங்கைக் காரணங்காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தவும் இடம் தந்தது. நாட்டின் முதல் அரசியலமைப்புத் திருத்தத்தில் குமாரசுவாமி ராஜா அரசு நடைமுறைப்படுத்திய இரண்டு ஆணைகளின் தடம் இருப்பதை நாம் போதிய அளவு பேசியதில்லை.

மற்ற இடமான வாக்குச்சாவடிக்குச் சான்று அவரது சொந்த மண். 1946 தேர்தலில் சொத்து, வரி, கல்வித் தகுதி உள்ளவர்களுக்கே வாக்கு. 1952இல் வயதுவந்த எல்லோருக்கும். ராஜபாளையம் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில்தான் இருந்தது. அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் பதவியிலிருந்த முதலமைச்சரே தோற்றார். காட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் கையெழுத்துப் போடத் தெரியாத நெசவாளியும் முதன்முறை வாக்களித்த தேர்தல் அது. மாநிலம் முழுவதும் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. ஏப்ரல் 10இல் ராஜாஜி முதலமைச்சரானார், தேர்தலில் நிற்காமல், ஆளுநர் ஸ்ரீபிரகாசாவின் நியமனத்தால் மேலவைக்கு வந்து. 1937இல் காங்கிரஸ் அஞ்சிய ஆளுநரின் கை, இம்முறை காங்கிரசுக்கே கைகொடுத்தது. நியாயமாக இது குமாரசுவாமி ராஜாவின் தோல்வியைவிட அதிக விவாதத்துக்கு உரியது.

1954இல் குமாரசுவாமி ராஜா ஒரிசாவின் ஆளுநரானார். அங்கே முதலமைச்சர் நவகிருஷ்ண சௌத்ரி. சென்னையில் பாவ்நகர் மகாராஜா இவருக்காக வகித்த பங்கை, 1956 வரை இவர் அங்கே சௌத்ரிக்காக வகித்தார்.